கட்டங்களுக்குச் சொன்ன ரகசியம்

மறுபடியும் கட்டங்கள்தான் வந்தன.

கம்ப்யூட்டர்காரர் தன் மனைவியின் பெயரைத் தமிழில் அடித்து என்டரைத் தட்டியிருந்தார். கறுப்பு ஜன்னலில் அவள் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏழு சின்னக் கட்டங்கள் வரிசையாக நின்றன. மகளின் பெயரை அடித்தார். ஐந்து கட்டங்கள். எதிர்வீட்டுக்காரர் பெயரை அடித்துப் பார்த்தார். அவருக்கு மட்டும் பதினொன்று. அந்த மனிதர் எல்லாவற்றிலும் ஒரு படி மேலே இருப்பதுதான் வழக்கம்.

"என்ன சார், இப்படி வேர்க்குது?" என்று வாசலில் நின்ற எலெக்ட்ரீஷியன் கேட்டார். "இவ்வளவு ஏசியில, கழுத்துல மப்ளரையும் சுத்திக்கிட்டு, வேர்க்கிற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

"எனக்கு ஏசி ஒத்துக்காது."

"குளிராம வேர்க்குதே?"

"ஒத்துக்காததாலதான் வேர்க்குது."

எலெக்ட்ரீஷியன் தோளில் கிடந்த வயர்ச் சுருளைச் சரிசெய்துகொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர். விசிறி சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை என்று யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதுதான். நர்ஸுகள் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார்.

"சரி சார், மேல ஹால் போர்டுலேர்ந்து கழட்டின வயரை எப்பத் திரும்பக் குடுக்கறது?"

"இப்ப வேண்டவே வேண்டாம். இங்க எதுவும் சரியா வரலை. டாக்டரம்மா பன்னெண்டு மணிக்குத்தான் பார்க்கறாங்க. பதினொன்றரைக்குக் குடுங்க போதும்."

"பண்ணிடலாம்."

"இன்னிக்கேதானே?"

"டாக்டரம்மா விஷயம் சார்!" என்று 'நாளைக்கு' தன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இதுல விளையாட முடியுமா?"

அவர் படியேறிப் போன சத்தம் ஓய்ந்ததும் கம்ப்யூட்டர்காரர் கதவைச் சாத்தினார். கதவின் உள்பக்கம் சத்தம் புகாமலிருக்க மெத்தை வைத்துத் தைத்திருந்தது. கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த மெஷின் ரூம் அது. கைபேசிக்கு அங்கே சிக்னல் எட்டாது. சுவரில் ஒரு இன்டர்காம், மேஜையில் ஒரு திரை, மூலையில் இரைந்துகொண்டிருக்கும் இரண்டு பெட்டிகள், இவ்வளவுதான்.

அந்தப் புரோகிராமைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவரே அவர்தான். கறுப்பு ஜன்னலில் நோயாளியின் பெயரை அடித்தால் புரோகிராம் அதைப் படித்து, மேலே ஹாலில் தொங்கும் பெரிய போர்டுக்கு அனுப்பும். போர்டுக்குத் தமிழ் தெரியும், புரோகிராமுக்குத்தான் ஆங்கில எழுத்து மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் வரும் பெயர் தன்னுடையதுதான் என்று தெரியாமல் பாதிப் பேர் சாயங்காலம்வரை உட்கார்ந்துவிட்டு, "இன்னிக்கு நம்மளைக் கூப்பிடவே இல்லை" என்று வீட்டுக்குப் போனார்கள். காது வலியோடு வந்த ஒருவர் மூன்று நாள் அப்படி வந்து வந்து போனது தலைமை டாக்டரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"இனிமே பேரெல்லாம் தமிழ்ல வரணும்," என்றார் டாக்டரம்மா. "ஒரு வாரம் எடுத்துக்குங்க. திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்கு ஹால்ல நின்னு பார்க்கறேன். வந்துட்டா சந்தோஷம். வரலைன்னா நானே கீழ இறங்கி வந்து, உங்க பக்கத்துல உட்கார்ந்து, என்னதான் தடங்கல்னு பார்க்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார். கேட்ட மனிதருக்குத்தான் அது மிரட்டலாகப் பட்டது.

டாக்டரம்மா திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அவரிடம் பயமெல்லாம் அவர் கண்ணைப் பற்றித்தான். அவர் அறைக் கதவுக்குக் கீல் மாட்ட வந்த தச்சரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "மாடி ஏறினா எத்தனை நாளா மூச்சு வாங்குது?" என்று கேட்டாராம். தச்சர் கையிலிருந்த சுத்தியலைத் தன் கால்மேலேயே போட்டுக்கொண்டார். கால், நெஞ்சு இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் நடந்தது. அதிலிருந்து டாக்டரம்மா நடைபாதையில் எதிரே வந்தால் சிப்பந்திகள் சுவர்ப் பக்கம் திரும்பி நோட்டீஸ் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கம்ப்யூட்டர்காரர் மூன்று மாதமாக அந்த ஆஸ்பத்திரியின் எல்லா நோட்டீஸையும் படித்து முடித்திருந்தார்.

காரணம் மப்ளருக்குக் கீழே இருந்தது. இடது காதுக்கு நாலு விரல் கீழே ஒரு கட்டி. முகம் மழிக்கும்போது முதலில் கையில் தட்டுப்பட்டது. அப்போது அது பட்டாணி அளவு. இப்போது கோலிக்குண்டு அளவு. வலி இல்லை. வலி இருந்திருந்தால் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. வலிக்கிறதைப் பற்றி ஆஸ்பத்திரியில் யாரும் தணிந்த குரலில் பேசி அவர் கேட்டதில்லை. வலிக்காததைப் பற்றித்தான் டாக்டர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

மனைவியிடம் அவர் சொல்லவில்லை. "ஏங்க, வீட்டுக்குள்ளயுமா மப்ளர்?" என்று அவள் கேட்டபோதெல்லாம் ஏசியின் தலையில் பழியைப் போட்டார். டாக்டர் பெயர் வைக்கிறவரைக்கும் அது வெறும் கட்டி, பெயர் வைத்துவிட்டால்தான் நோய் என்று ஒரு கணக்கு அவரிடம் இருந்தது. அறுநூறு பேருக்கு நடுவில் டாக்டர்கள் மத்தியிலேயே வேலை பார்த்துக்கொண்டு இப்படி ஒரு கணக்கைக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை.

ஆகவே பன்னிரண்டு மணிக்குள் தமிழ் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் டாக்டரம்மா ஹாலிலேயே நின்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வராவிட்டால் கீழே வந்து பக்கத்து நாற்காலியில், இடது பக்கத்து நாற்காலியில், உட்காருவார். அறையில் வேறு நாற்காலி கிடையாது.

அந்த நாற்காலியைத் தூக்கி வலது பக்கம் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

சங்கதி இதுதான். பழைய புரோகிராமில் ஒரு எழுத்துக்கு ஒரு ஒடிசலான நாற்காலி. ஆங்கில எழுத்து அதில் உட்கார்ந்துவிடும். தமிழ் எழுத்துக்கு அகலமான நாற்காலி வேண்டும். அதிலும் 'கொ' மாதிரி ஆள் வந்தால் கொம்புக்கும் காலுக்கும் சேர்த்துத் தனியாக இன்னொரு நாற்காலி கேட்கும். ஒரு வாரமாக அவர் படிக்கிற இடம், வைக்கிற இடம், அனுப்புகிற இடம் எல்லாவற்றிலும் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு அகல எழுத்துக்கான நாற்காலிகளைப் போட்டிருந்தார். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிந்தது. ஆனால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் இல்லை.

இன்டர்காம் அலறியது. கம்ப்யூட்டர்காரர் நாற்காலியோடு ஒரு அங்குலம் எழும்பி இறங்கினார்.

"சார், கவுண்டர்லேர்ந்து பேசறேன்," என்றாள் மேலே வரவேற்பில் டோக்கன் கொடுக்கும் பெண். "இந்தப் போர்டுல—"

"தெரியும்மா. எதுவும் வரலைதானே? பதினொன்றரைக்குத்தான் வயரே குடுப்பாங்க."

"இல்ல சார், அது வந்து—"

"வரும்மா, வரும். அதுக்குத்தான் உயிரை விட்டுக்கிட்டிருக்கேன். டாக்டரம்மா கேட்டா வேலை ஜரூரா நடக்குதுன்னு சொல்லுங்க. கீழ வர வேண்டிய அவசியமே இல்லைன்னும் சொல்லுங்க."

ரிசீவரை வைத்துவிட்டு யோசித்தார். ஒருவேளை நாற்காலி போதவில்லையோ? ஒரு பெயருக்கு இருபது இடம்தான் விட்டிருந்தார். கொம்பும் காலும் சுழியுமாகத் தமிழ்ப் பெயர்கள் இடம் போதாமல் ஒன்றையொன்று நசுக்குகின்றனவோ என்னவோ. இருபதை நானூறு ஆக்கினார். புரோகிராமை மறுபடி ஓட விட்டார்.

நானூறு இடத்தைச் சோதிக்க நீளமான வரி வேண்டும். அவ்வளவு நீளப் பெயர் எதிர்வீட்டுக்காரருக்கே கிடையாது. அதனால், "இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து வேலை செய்கிறேன். நான் நலமாக இருக்கிறேன்" என்று அடித்தார்.

புரோகிராம் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வரியை வாங்க மறுத்துவிட்டது. பெயர் என்றால் இரண்டு மூன்று சொல்தான் இருக்கும், முற்றுப்புள்ளி இருக்காது என்று முன்பு அவரே ஒரு காவலாளியை அங்கே நிறுத்தி வைத்திருந்தார். அவருக்குச் சந்தேகம் வந்தது. இந்தக் காவலாளிதான் உள்ளே போகிற எழுத்துகளின் முகத்தையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொள்கிறானோ? காவலாளியை நீக்கிவிட்டு அதே வரியை மறுபடி அடித்தார்.

வரி போயிற்று. கட்டங்களின் நீண்ட வரிசையாகப் போயிற்று.

கம்ப்யூட்டர்காரர் அந்தக் கட்டங்களைப் பார்த்தார். 'நான் நலமாக இருக்கிறேன்' என்று அடித்தது அதில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அவருக்கே தெரியவில்லை. பொய்யும் கட்டம், திங்கட்கிழமையும் கட்டம்.

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக அடித்தார்.

"நான் நலமாக இல்லை."

கட்டம் கட்டமாக வந்தது. அவ்வளவுதான். இடி விழவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறையாக அதை வெளியே சொல்லியிருக்கிறார், கேட்டது ஒரு கறுப்பு ஜன்னல், அதுவும் புரியாத ஜன்னல். அவருக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

"என் கழுத்தில் ஒரு கட்டி இருக்கிறது," என்று அடித்தார். "மூன்று மாதமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாது."

வரி ஐந்து விநாடி நின்று அழிந்தது. போர்டில் ஒரு பெயர் மேல் இன்னொரு பெயர் ஏறாமலிருக்க, ஐந்து விநாடிக்கு ஒரு முறை பழையதை அழிக்கும்படி செய்திருந்தார். அதைப் பார்த்ததும் இன்னொரு சந்தேகம் முளைத்தது. எழுத்து உருவாகி வருவதற்குள் இவன் அழித்துவிடுகிறானோ? அழிப்பவனையும் நீக்கினார். இப்போது அடித்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அப்படியே நின்றன. எல்லாம் கட்டங்கள்தான். ஆனாலும் பார்க்க ஒரு கடிதம்போல் இருந்தது.

இன்டர்காம் மறுபடி அலறியது.

"சார், நான்தான். சார், டாக்டரம்மா இங்கே—"

கம்ப்யூட்டர்காரர் பாம்பைத் தொட்டவர்போல் ரிசீவரை வைத்தார். அடுத்த விநாடியே அது மறுபடி அலற வாயைத் திறந்தது. அவர் ரிசீவரை எடுத்து, காதில் வைக்காமல், மேஜைமேல் குப்புறப் படுக்க வைத்தார். இனி அது அடிக்காது.

டாக்டரம்மா ஹாலுக்கு வந்துவிட்டார்! மணி பத்தேகால்தான். பன்னிரண்டுக்கு என்று சொல்லிவிட்டு ஏன் இப்போதே வர வேண்டும்? ஏதாவது தெரிந்துவிட்டதா? என்ன தெரியும்? யார் சொல்லியிருக்க முடியும்?

பயம் தாங்காத சமயத்தில் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் நகம் கடிப்பார்கள். கம்ப்யூட்டர்காரர் அடித்தார்.

"டாக்டரம்மா ஹாலுக்கு வந்துவிட்டாராம். அவரைத் தூரத்தில் பார்த்தாலே எனக்குக் கால் நிற்காது. அவர் நல்லவர் என்று எனக்குத் தெரியும். கெட்டவராக இருந்தால்கூட இவ்வளவு பயம் இருக்காது. அவர் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் அது நிஜமாகிவிடும்."

கட்டங்கள் சாந்தமாக வந்து நின்றன.

"மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று முதலில் நினைத்தேன். முடிந்தது. முடிவு வரட்டும் என்று நினைத்தேன். வந்தது. நல்ல மதிப்பெண். இப்போது தள்ளிப் போட ஒரு காரணமும் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது. ராத்திரி அவர்கள் இரண்டு பேரும் தூங்கின பிறகு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது."

இதை அடித்து முடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. கட்டங்களும் சேர்ந்து கலங்கித் தெரிந்தன. மப்ளர் நுனியால் துடைத்துக்கொண்டு மறுபடி வேலையைப் பார்த்தார். இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தால் தமிழ் வந்துவிடுமா?

அப்போதுதான் அந்தப் பெரிய தப்பைச் செய்தார்.

படித்த எழுத்தைத் திரையில் காட்டுகிற வரி அகல எழுத்துக்கானதாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, பன்னிரண்டு வருஷமாக ஒழுங்காக வேலை செய்த பழைய பாணி வரியை ஒரே ஒரு இடத்தில் போட்டுப் பார்த்தால் என்ன? சி மொழியில் அகல எழுத்துக்கென்று ஒரு வாசலைத் திறந்துவிட்டால் அதன் வழியாக ஒடிசல் எழுத்தை அனுப்பக் கூடாது. இது தெரியாதவர் இல்லை அவர். பதற்றத்தில் மறந்துவிட்டார். புரோகிராமை ஓட விட்டு, "இதற்கு மேல் என்னால் முடியாது" என்று அடித்தார். வேலையைப் பற்றித்தான் சொன்னார்.

என்டரைத் தட்டினார்.

வரி ஒரு கணம் நின்றது. பிறகு பெட்டி 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டது. கறுப்பு ஜன்னல், கட்டங்கள், கடிதம் எல்லாம் பட்டென்று மறைந்து திரை வெறுமையாகிவிட்டது.

கம்ப்யூட்டர்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்த உயிர் சரியாக உட்காருவதற்குள், படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். ஒரு ஆள் இல்லை. நாலைந்து பேர், ஓடி வருகிறார்கள்.

ஒரே பாய்ச்சலில் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

கதவு இடிபட்டது. மெத்தைக் கதவு பாதிச் சத்தத்தைக் குடித்துவிட்டது. பெட்டிகளின் இரைச்சல் மீதியைக் குடித்தது. ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் "சார்!" என்பது மட்டும் கேட்டது. கவுண்டர் பெண்ணின் குரல். பிறகு யாரோ ஆண் குரல், "உடைச்சிடலாமா?" என்றது. கம்ப்யூட்டர்காரர் மேஜைக்கடியில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். ஐம்பது வயதில், இருபத்திரண்டு வருஷ சர்வீஸில், மேஜைக்கடியில். வெட்கமாகத்தான் இருந்தது. வெளியே வரத்தான் தைரியம் வரவில்லை.

கையை மட்டும் மேலே நீட்டி விசைப்பலகையைக் கீழே இழுத்துக்கொண்டார். தலையை மட்டும் எக்கித் திரையைப் பார்த்தபடி அந்தப் பழைய வரியை எடுத்தெறிந்துவிட்டு அகல எழுத்து வரியையே திரும்பப் போட்டார். புரோகிராம் உயிர் பெற்றது. கை தானாக அடித்தது.

"யாரோ கதவை இடிக்கிறார்கள். நான் மேஜைக்கடியில் இருக்கிறேன். நான் மூச்சுக் காட்டப் போவதில்லை."

சிறிது நேரத்தில் இடி நின்றது. கூட்டம் மாதிரி ஏதோ பேசிக்கொண்டது. யாரோ மேலேயிருந்து ஓடி வந்து ஏதோ சொன்னார்கள். ஒரு பெண் சிரித்த மாதிரியும் மூக்கை உறிஞ்சிய மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகு, எல்லாச் சத்தமும் அடங்கின இடத்தில், நிதானமான ஒரு குரல் வந்தது. கதவுக்கு மிகப் பக்கத்தில்.

"விடுங்க. யாரும் தட்டாதீங்க. அவரா வருவாரு."

டாக்டரம்மா!

காலடிகள் படியேறிப் போயின. கம்ப்யூட்டர்காரர் ஐந்து நிமிஷம் அசையவில்லை. 'அவரா வருவாரு.' இதைவிடப் பயங்கரமான வார்த்தையை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. கோபத்தின் உச்சியில் இருக்கிறவர்கள்தான் இப்படி நிதானமாகப் பேசுவார்கள். இனிமேல் மெமோவா, விசாரணையா, அல்லது கதவைத் திறந்ததும் கழுத்தைப் பிடிப்பாரா? கழுத்து என்றதும் கை மப்ளரைத் தடவியது.

மணி பதினொன்று ஐந்து.

பயம் ஒரு அளவுக்கு மேல் போனால் சிலருக்குப் புத்தி தெளிந்துவிடுகிறது. மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்தார். 'எழுத்து எங்கே தொலைகிறது?' என்று முதலிலிருந்து கேட்டுக்கொண்டார். படிக்கும்போதா, வைக்கும்போதா, காட்டும்போதா? காலையிலிருந்து கண்ணால் பார்த்ததை வைத்தே சண்டை போட்டாயிற்று. கண்ணை நம்பாமல், உள்ளே போய் எண்ணைக் கேட்டால் என்ன?

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். வந்து சேர்ந்த எழுத்தின் எண்ணை மட்டும் ஒரு பக்கமாகச் சொல்லும்படி புரோகிராமுக்கு ஒரு வரி சேர்த்தார். 'அ' என்று ஒரே ஒரு எழுத்தை அடித்தார்.

திரையில் ஒரு கட்டம். பக்கத்தில் 2949.

சுவரைப் பார்த்தார். அ, 2949.

'ம' அடித்தார். கட்டம், 2990. சுவரிலும் 2990.

கம்ப்யூட்டர்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எழுத்து தொலையவே இல்லை! காலையில் முதல் பெயரிலிருந்து புரோகிராம் ஒவ்வொரு எழுத்தையும் சரியாகப் படித்திருக்கிறது, சரியாக வைத்திருக்கிறது, சரியாக அனுப்பவும் தயாராக இருந்திருக்கிறது. இந்தக் கறுப்பு ஜன்னலுக்குத்தான் தமிழ் எழுத்தின் உருவம் தெரியாது. தெரியாத முகத்துக்கெல்லாம் அது ஒரு கட்டம் வரைந்திருக்கிறது. குருடனிடம் போய் நிறம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜன்னலின் அமைப்புக்குள் போய் எழுத்துருவை மாற்றி, தமிழ் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

மேஜைக்கடியில் உட்கார்ந்து அடித்தது உள்பட, திரையில் நின்ற கட்டங்களெல்லாம் ஒரே நொடியில் எழுத்தாக மாறின. கொம்புகளும் கால்களும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றாலும் வாசிக்கத் தடையில்லை. 'நான் மேஜைக்கடியில் இருக்கிறேன்.' சற்று முன்பு மறைந்துபோன கடிதமும் பதிவுக் கோப்பில் இருக்கும் என்று ஞாபகம் வந்து அதைத் திறந்தார். இருந்தது. ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. 'அவர்கள் இரண்டு பேரும் தூங்கின பிறகு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.'

தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டதுபோல் இருந்தது. பாவம் இந்த மனுஷன், இவனுக்கு ஒருத்தரும் இல்லையா என்று அவருக்கே தோன்றியது.

அவசர அவசரமாகக் கோப்பை அழித்தார், திரையைத் துடைத்தார். அழித்தது அழிந்ததா என்று இரண்டு தடவை பார்த்தார். நல்லவேளை, பதினொன்றரைக்குத்தான் வயர் கொடுக்கச் சொன்னோம். அதிலும் சொன்னது 'நாளைக்கு'விடம். பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தாலே ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அந்த மனிதரின் சோம்பலை மனசாரக் கும்பிட்டார்.

மணி பதினொன்று இருபத்தைந்து. எல்லாம் சரியாகிவிட்டது. மேலே போய் வயரைக் கொடுக்கச் சொல்ல வேண்டும், டாக்டரம்மா கீழே இறங்குவதற்குள் போர்டில் தமிழ் ஓட வேண்டும். கதவைத் தட்டினபோது திறக்காததற்குக் காதில் பஞ்சு வைத்திருந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். மப்ளரை இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினார். தாழ்ப்பாளை விலக்கிக் கதவைத் திறந்தார்.

வெளியே கூட்டம் இல்லை. டாக்டரம்மா இல்லை. படிக்கட்டுக்கு எதிரே, லிஃப்ட் பக்கத்தில், ஒரு வீல்சேர் மட்டும் நின்றது. அதில், வழக்கமாக அதைத் தள்ளுகிற சிப்பந்தி தானே ஏறி உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து, இருக்கையைத் துண்டால் தட்டிவிட்டார்.

"வாங்க சார். அரை மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்."

"தட்டியிருக்கலாமே?"

"தட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா உத்தரவு. நீங்களா வெளிய வரும்போது கூட்டிட்டு வான்னாங்க."

கம்ப்யூட்டர்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். "அண்ணே, நான் சரி பண்ணிட்டேன். தமிழ் நல்லா வருது. வயரைக் குடுத்தா போதும். அவங்க கீழ வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

"அவங்க வரலை சார். அவங்க ரூம்ல உட்கார்ந்திருக்காங்க. நீங்கதான் மேல போகணும்."

"போறேன், நடந்தே போறேன். இது எதுக்கு, வீல்சேர்?"

"அவங்களைப் பார்த்தா உங்களுக்குக் கால் நிக்காதாமே?"

கம்ப்யூட்டர்காரர் மப்ளரை ஒரு கையாலும் கதவை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். "யாரு... யாரு சொன்னது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க, போர்டுல, காலையிலேர்ந்து, நம்ம 'நாளைக்கு'தான் அப்பவே வயரைக் குடுத்துட்டாரே, அதைப் படிச்சிட்டு ஹால்ல காத்திருக்கிற அறுபத்திரண்டு பேரும் அவங்கவங்க டோக்கனைக் கவுண்டர்ல திருப்பிக் குடுத்துட்டாங்க, முதல்ல கம்ப்யூட்டர் சாரைப் பார்த்தாத்தான் நாங்க உள்ள போவோம்னு."